ஏடும் பூணும்

எந்த நூலும் இருவகைப் பொருள்களால் ஆயது. எழுத்தைத் தாங்கும் ஏடு ஒன்று; அவ்வேடுகள் சிதறாவண்ணம் காக்கும் கட்டு மற்றொன்று. காலம் முதலில் உண்பது ஏட்டையே. ஓலையைக் கறையான் அரிக்கும். தோலை ஈரம் அழுகச் செய்யும். தாளைத் தீ விழுங்கும். ஆனால், சுவடிக் கயிற்றின் நுனியில் முடியப்பட்ட சிறு செம்பு வில்லையும், அட்டையின் மூலையில் அறையப்பட்ட பித்தளைப் பூணும் மண்ணினுள் நூற்றாண்டுகள் பல கிடந்தும் அழியாதிருத்தல் கூடும். நூல் மறைந்த இடத்தில் அதன் பூண் மட்டும் எஞ்சி நிற்கும். அப்பூண்கள் யாவை, அவை யாரால் எவ்வாறு கண்டெடுக்கப்படுகின்றன, அவற்றிலிருந்து வரலாறு அறிவது யாது, கண்டெடுத்தோர் கையிலே அவை பயனற்றுப் போதல் எதனால் என்பன ஈண்டு ஆராயப்படும்.

ஏட்டின் நிலையாமை

ஓலை நிலையாதது என்ற கவலை இன்று தோன்றியதன்று. பொலன்னறுவையிலிருந்து 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன், ஓலையில் எழுதப்படும் மானிய சாசனங்கள் கறையானுக்கும் எலிக்கும் இரையாகின்றன என்று கண்டு, அவற்றைச் செப்பேட்டில் எழுதுமாறு விதித்தான். அவ்விதியைக் கல்லிலும் பொறிப்பித்தான். ஓலையில் எழுதிய உரிமை ஓலையோடு மறையும். உரிமை மறைந்தால் நிலமும் கைமாறும். ஆதலால் அம்மன்னனின் கவலை வெறும் ஏட்டைப் பற்றியதன்று, குடிகளின் வாழ்வைப் பற்றியது.

தமிழரும் இக்கவலையை நெடுங்காலம் உணர்ந்திருந்தனர். தில்லையில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணைகொண்டு சோழ மன்னன் திறந்தபோது அவை புற்றால் மூடப்பட்டிருந்தன என்பது சைவ மரபு. கிடைத்த பதிகங்களிலும் கிடையாதொழிந்த பதிகங்களே மிகுதி என அம்மரபு கூறும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டமாத்திரத்தில் உதிரும் ஏடுகளைப் பற்றி அதன் முன்னுரையில் மனம் நொந்து எழுதினார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு மீண்டும் பெறுதற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. கறையானும் தீயும் ஒரே தொழிலையே செய்தன.

பூண்களின் வகை

மேலை நாடுகளில் இடைக்கால நூல்கள் பெரும்பாலும் பதப்படுத்திய விலங்குத் தோலில் எழுதப்பட்டன. ஈரம் பட்டால் அத்தோல் பருத்து நெளியும். எனவே மரப்பலகை அட்டைகளுக்கிடையே ஏடுகளை வைத்து, பித்தளைக் கொளுக்கிகளால் இறுக மூடுவது வழக்கமாயிற்று. அட்டையின் மூலைகளில் தகடுகளையும் நடுவிற் குமிழ்களையும் பொருத்தினர். நூலைப் பலகைமீது கிடத்தும்போது குமிழே உராயும். அட்டைத் தோல் தேயாது. களவைத் தடுக்கச் சங்கிலி கோத்த நூல்களும் இருந்தன. இங்கிலாந்தில் 1536 முதற் சில ஆண்டுகளுள் துறவிமடங்கள் கலைக்கப்பட்டபோது அவற்றின் நூல்கள் சிதறின. அம்மடங்கள் நின்ற நிலங்களிலிருந்து கொளுக்கிகளும் மூலைத்தகடுகளும் இன்றும் வெளிவருகின்றன.

நம் நாட்டுச் சுவடியின் அமைப்பு வேறு. நீண்ட ஓலைகளை ஒரே அளவாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் இரு துளைகள் இடுவர். துளைக்குக் கண் என்று பெயர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, ஒரு கண்ணிற் கயிற்றையும் மற்றைக் கண்ணிற் கம்பியையோ மூங்கிற் குச்சியையோ செலுத்துவர். உலோகத்தாலாய அக்கம்பி நாராசம் எனப்படும். கயிறு கண்ணினின்றும் கழன்று விடாதபடி அதன் தலைப்பில் ஓலை நறுக்கு ஒன்றை முடிவர். கிளியின் மூக்கைப் போல வெட்டப்படுதலால் அது கிளிமூக்கு என்று பெயர் பெற்றது. வசதியுடையோர் ஓலைக்குப் பதிலாகச் செம்பாலோ பித்தளையாலோ வெள்ளியாலோ நட்சத்திர வடிவிற் செய்த வில்லையை முடிந்தனர். இவற்றைச் சாமிநாதையர் தம் வரலாற்று நூலில் விரிவாக விளக்கியுள்ளார். சிங்கள மக்களின் சுவடிகளிலும் கயிற்று நுனியிற் சித்திர வேலைப்பாடமைந்த வில்லைகள் உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இவ்வகை வில்லைகளுக்கும் ஏட்டுச் சட்டங்களுக்கும் இடமளித்தார்.

இவற்றோடு எழுத்தாணியையும் சேர்த்தெண்ணல் வேண்டும். மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி எனப் பல வகையாக அது செய்யப்பட்டது. அது நூலின் உறுப்பன்று. ஆயினும் நூல் எழுதப்பட்ட இடத்திற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

சிறு பொருள் கூறும் செய்தி

உடைந்த கம்பி ஒன்று என்ன கூறும் என வினவலாம். நாராசத்தின் நீளம் நூலின் பருமனை உணர்த்தும். கம்பி முழுமையாகக் கிடைப்பின், அதன் நீளத்திலிருந்து இரு சட்டங்களின் தடிப்பைக் கழித்தால் எஞ்சுவது ஏடுகளுக்குரிய இடம். ஓலை ஒன்றின் தடிப்பு அரை மில்லிமீற்றர் எனக் கொள்ளின், 5 சென்றிமீற்றர் இடத்தில் 100 ஓலைகள் அடங்கும். இவ்வாறு, ஓர் எழுத்தும் எஞ்சாத நூலின் அளவு ஓராணியிலிருந்து அறியப்படும். வில்லையின் நடுத்துளையிற் கயிறு தேய்த்த தடம் ஆழமாக இருப்பின், அச்சுவடி பலகாலும் அவிழ்த்து ஓதப்பட்டது என்பது போதரும். தடமின்றேல் அது பெட்டியில் உறங்கிய சுவடியாகலாம்.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. துளையுள்ள வட்டத்தகடு எல்லாம் சுவடி வில்லை அன்று. அது பெட்டகத்தின் குமிழாகவும், குதிரைச் சேணத்தின் அணியாகவும், மகளிர் ஆடையின் பொத்தானாகவும் இருத்தல் கூடும். பொருளை மட்டும் நோக்கின் இவற்றை வேறுபிரித்தல் அரிது. அது கிடந்த இடமும், உடன் கிடந்தவையுமே அதன் பெயரைக் கூறுவன. ஒரு பழைய மடத்தின் அடித்தளத்தில், எழுத்தாணிக்கு அருகே, அதே மண்ணடுக்கிற் கிடந்த தகடு நூலின் பூணாகும். அதே தகடு பழைய பித்தளை வாங்கும் கடையின் சாக்கினுட் கிடப்பின், அது வெறும் பித்தளையே.

வளையமும் முத்திரையும்

பூண் என்பது காப்பாக மட்டுமன்றிச் சான்றாகவும் நின்றமைக்குச் செப்பேடுகளே சிறந்த எடுத்துக்காட்டு. செப்பேடு ஓலையின் வடிவத்தைப் பின்பற்றியது. பலவற்றில் விளிம்பு சற்று உயர்த்தப்பட்டிருக்கும். ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசினும் எழுத்துத் தேயாது. ஏடுகளின் துளை வழியே தடித்த வளையத்தைச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் அரச முத்திரையின் அடியிற் பொருத்தி ஒட்டுவர். பின்னர் ஓர் ஏட்டை நீக்கவோ புதிய ஏட்டை நுழைக்கவோ வேண்டின் வளையத்தை வெட்டியாதல் வேண்டும். ஆதலாற் கல்வெட்டறிஞர் ஒரு செப்பேட்டுத் தொகுதி தம் கைக்கு வந்தவுடன், வளையம் முன்னரே வெட்டப்பட்டுள்ளதா என்பதை முதலிற் குறித்துக்கொள்வர். எழுத்தின் நேர்மைக்கு வளையம் பிணை நின்றது.

1905 இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளைக் கொண்டவை. அவற்றைப் பிணித்த வளையத்தில் முதலாம் இராசேந்திரனின் முத்திரை உள்ளது. புலியும் இரட்டைக் கயலும் வில்லும் குடையும் சாமரமும் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. புலி சோழனுக்கும், கயல் பாண்டியனுக்கும், வில் சேரனுக்கும் உரியன. மூன்று அடையாளங்களையும் ஒரே முத்திரையில் அடக்கியதன் கருத்தை விளக்க உரை வேண்டியதில்லை. ஏட்டிலுள்ள மெய்க்கீர்த்தியைப் படியாதவனும் பூணைக் கண்ட அளவில் அதனை அறிந்துகொண்டான். ஆனைமங்கலச் செப்பேடுகளின் பெரிய தொகுதியிலும் 21 ஏடுகள் இவ்வாறே வளையமும் முத்திரையும் கொண்டு பிணிக்கப்பட்டுள்ளன.

அகழ்ந்தோரும் உழுதோரும்

உலோக ஏடுகளும் பூண்களும் இரு வழிகளில் வெளிப்படுகின்றன. ஒன்று ஆய்வாளரின் அகழ்வு. மற்றது மக்களின் மண்வெட்டி.

முதல் வழிக்கு இலங்கை சிறந்த சான்றுகளை அளித்துள்ளது. மிகிந்தலையில் இந்திகடுசாய தூபியிற் கிடைத்த செப்புத் தகடுகளில் மகாயான பௌத்த நூலாகிய பிரஞ்ஞாபாரமிதையின் பகுதிகள் இருப்பதைச் செனரத் பரணவிதான ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1980 களின் தொடக்கத்தில் அநுராதபுரத்து ஜேதவனாராமத்தில் நடைபெற்ற அகழ்வில் ஏழு பொன்னேடுகள் கிடைத்தன. ஓலையைப் போல நீண்டு ஒடுங்கிய அவ்வேடுகளில், அதே நூல் மரபைச் சார்ந்த வடமொழி நூலொன்றின் பகுதி ஒன்பதாம் நூற்றாண்டுச் சிங்கள எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. செர்மானிய அறிஞர் ஒஸ்கார் வொன் ஹினூபர் அவற்றை 1983 இற் பதிப்பித்தார். தேரவாத நாடெனவே எண்ணப்பட்ட இலங்கையில் மகாயானம் பெற்றிருந்த செல்வாக்கு இவற்றால் உறுதிப்பட்டது. ஐந்தாம் காசியப்பன் அபிதம்மத்தைப் பொன்னேட்டில் எழுதுவித்தான் என்ற சூளவம்சச் செய்தி புனைவன்று என நம்புதற்கும் இடமுண்டாயிற்று. அவை தூபி வளாகத்தில் முறையாக அகழப்பட்டமையாலன்றோ இத்தனையும் அறியலாயிற்று! பொற்கொல்லனின் உலைக்குச் சென்றிருப்பின் அவை ஏழு பொற்கட்டிகளாய் முடிந்திருக்கும்.

இரண்டாம் வழிக்கு உதாரணம் பனாகடுவச் செப்பேடு. 1948 இல் மாத்தறை மாவட்டத்துப் பனாகடுவ என்னும் ஊரில் நிலத்தை வெட்டிய விவசாயி ஒருவருக்கு மூன்று செப்பேடுகள் கிடைத்தன. அவை முதலாம் விசயபாகுவின் 27 ஆம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்டவை. சோழராட்சிக் காலத்தில் அரச குடும்பம் காட்டில் ஒளிந்து வாழ்ந்தபோது அதனைக் காத்த உருகுணைத் தண்டநாயகன் ஒருவனுக்கு மன்னன் நன்றிக்கடனாக அளித்த உறுதிமொழி அதில் உள்ளது. வெற்றிபெற்ற வேந்தனைக் காட்டும் நூல்கள் பல. இளமையிற் பசியும் அச்சமும் கண்ட வேந்தனைக் காட்டுவது இச்செப்பேடே. அது எழுதப்பட்டு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மீண்டு வந்தது. மீட்டவர் பேராசிரியரல்லர், ஓர் உழவர்.

தமிழகத்திலும் இவ்வாறே. 1987 இல் விழுப்புரம் பகுதியிலுள்ள எசாலம் கோயிலிற் திருப்பணி நடைபெற்றபோது முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் வளையத்தோடும் முத்திரையோடும் வெளிவந்தன. 2023 ஏப்பிரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலிற் குடமுழுக்கிற்காக யாகசாலை அமைக்க மண் அகழ்ந்தபோது, தெய்வத் திருமேனிகள் பலவற்றோடு 400 க்கு மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்தன. அவற்றிற் பொறிக்கப்பட்டிருந்தவை தேவாரப் பதிகங்கள். சம்பந்தர் பிறந்த ஊரிலே, தேவார ஏடுகளைப் புற்று மூடிய கதையை அறிந்தோர், அப்பாடல்களைச் செம்பில் எழுதி, இடர் வந்த காலத்தில் மண்ணுக்குள் ஒப்படைத்துச் சென்றனர் எனக் கருதுதல் பொருந்தும். ஒப்படைத்தோர் மீண்டு வரவில்லை. மண் தன் கடமையை மறவாது செய்தது.

மேலை நாட்டார் கற்ற பாடம்

1693 இல் இங்கிலாந்தின் சமர்செற்றுப் பகுதியில் நோத் பெதர்ட்டன் என்னும் ஊரருகே பொன்னாலும் பளிங்காலும் ஆன சிறு பொருளொன்று கண்டெடுக்கப்பட்டது. அதனைச் செய்வித்தவன் ஆல்பிரட் என அதன் விளிம்பு எழுத்துக் கூறும். அடியிற் குழல் போன்ற அமைப்பு உண்டு. 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்பிரட் மன்னன், தான் மொழிபெயர்த்த நூலொன்றின் படிகளை ஆயர்களுக்கு அனுப்பியபோது, ஒவ்வொன்றோடும் விலையுயர்ந்த சுட்டுகோல் ஒன்றையும் அனுப்பி, அதனை நூலிலிருந்து பிரிக்கலாகாது என விதித்தான். பெதர்ட்டனிற் கிடைத்தது அத்தகைய சுட்டுகோலின் தலைப்பகுதி என்பது அறிஞர் பலரின் முடிபு. இன்று அது ஒக்ஸ்போர்ட்டு அஷ்மோலியன் நூதனசாலையில் உள்ளது. மன்னனின் கட்டளை நிற்கவில்லை. பூண் நூலைப் பிரிந்தது. ஆனாற் கிடந்த ஊர் குறித்துவைக்கப்பட்டமையால், ஆல்பிரட் ஒருகாலத்து ஒளிந்து வாழ்ந்த அதெல்னி அவ்வூருக்கு அண்மையிலுள்ளது என்பதும் ஆராய்ச்சிக்குத் துணையாயிற்று.

இங்கிலாந்திலும் வேல்சிலும் மக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவுசெய்யும் திட்டமொன்று 1997 இல் தொடங்கப்பட்டது. பொன், வெள்ளிப் புதையல்களைத் தெரிவிக்குமாறு 1996 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தும். பித்தளைக் கொளுக்கி போன்ற எளிய பொருள்கள் தனியாகக் கிடைப்பின் பெரும்பாலும் அதனுள் அடங்கா. அவற்றைக் கண்டெடுத்தோர் தாமாகவே காட்டிப் பதிவுசெய்கின்றனர். இவ்வாறு 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதியப்பட்டுள்ளன. அவற்றுள் நூற்பூண்களும் பல. தனியே நோக்கின் ஒவ்வொன்றும் அற்பம். இடங்குறித்துத் தொகுத்து நோக்கின் எவ்வூரில் நூல்கள் வழங்கின என்பதைக் காட்டும் வரைபடம்.

அயர்லாந்தின் செய்தி இதனினும் சிறந்தது. 2006 இல் திப்பெரரிப் பகுதியிற் சதுப்பு மண்ணை இயந்திரத்தால் அகழ்ந்தபோது, கி.பி. 800 அளவில் எழுதப்பட்ட சங்கீதச் சுவடி ஒன்று தோலட்டையோடு வெளிப்பட்டது. கண்டோர் அதனைத் துடைக்கவில்லை, வெயிலில் உலர்த்தவில்லை. ஈரச் சதுப்பு மண்ணாலேயே மூடிவைத்து நூதனசாலைக்கு அறிவித்தனர். கற்றோர் செய்த பல்லாண்டுப் பாதுகாப்பு வேலை அனைத்தும் அந்த முதல் நாளின் அறிவுடைமையை அடித்தளமாகக் கொண்டதே.

முந்தற் கரையும் அதன் மண்ணும்

புத்தளத்திற்கும் சிலாபத்திற்கும் இடையே களப்பின் ஓரமாக அமைந்த முந்தற் பகுதிக்கு இவ்வாராய்ச்சி தொலைதூரச் செய்தியன்று. இக்கரையோரம் எழுத்தறிந்த கரையோரம். 1344 இல் இலங்கைக்கு வந்த இபன் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த பத்தாலா என்னும் துறை புத்தளமே என்பர். தெற்கே முன்னேசுவரம், அருகே, பாரதக் கதையோடு பிணைந்த தீமிதி விழா நிகழும் உடப்பு, வடமேற்கே கற்பிட்டி. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். சுவடிகளோடு நெருங்கிப் பழகாத ஒருவர் அத்தகைய நூலை ஆக்குதல் அரிது. கோயிலிலே புராணம் படிக்கவும், திண்ணையிலே நெடுங்கணக்குக் கற்பிக்கவும், வைத்தியனுக்கும் சோதிடனுக்கும் தொழில் நடக்கவும் ஏடு வேண்டும். பனை வளரும் இம்மண்ணில் ஏட்டுக்குப் பஞ்சமில்லை. அவ்வேடுகளுட் காலத்தை வென்றவை மிகச் சில.

ஓலை அழிந்த இம்மண்ணில் உலோகத்துக்கும் பகையுண்டு. உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற நாடு இது. உப்பிலுள்ள குளோரைட்டு செம்பையும் வெண்கலத்தையும் பற்றினால், மண்ணை விட்டு வெளியேறிய பின்னரும் வெளிர்பச்சைப் பொடியாக அவற்றைத் தின்றுகொண்டேயிருக்கும். மண்ணைப் புரட்டும் தொழில்களும் பெருகின. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயின் இருமருங்கிலும் முந்தற் களப்பைச் சூழவும் 1980 களிலிருந்து இறால் வளர்ப்புக் குளங்கள் பெருந்தொகையாக அகழப்பட்டன. நோய் பரவியமையாற் கைவிடப்பட்ட குளங்களும் பல. ஒரு தலைமுறைக்குள் புரட்டப்பட்ட மண், அதற்கு முந்திய பல தலைமுறைகளிற் புரட்டப்பட்டதினும் மிகுதி. இயந்திரம் அள்ளும் மண்ணிற் சிறு வில்லையைக் காண்பவர் எவர்? கண்டாலும், அது யாதென அறியாதவர் அதனைப் போற்றுதல் எங்ஙனம்?

கையிற் கிட்டியபின் நேரும் கேடு வேறு. செம்புப் பொருள் ஒன்று கிடைத்தால் அதனைப் புளியும் சாம்பரும் இட்டுத் துலக்குதல் நம் வீட்டு வழக்கம். பூசைப் பாத்திரத்துக்கு அது தூய்மை. பழம்பொருளுக்கு அது அழிவு. களிம்போடு கலந்து நின்ற நுண்ணிய கோடும் எழுத்தும் புளியோடு கழுவுண்டு போகும். இதனினும் பெருங்கேடு, பொருளை எடுத்து இடத்தை மறத்தல். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உரிமம் பெறாத அகழ்வைத் தடுப்பது. தற்செயலாகக் கிடைத்த பொருளையும் அறிவிக்குமாறு கூறுவது. புதையல் வேட்டைக்காரர் நள்ளிரவில் தோண்டுவது பொன்னையே நாடி. பொன் கிட்டாதபோது அவர் வீசியெறியும் பச்சைக் களிம்பேறிய துண்டிலே ஒரு நூலின் வரலாறு இருத்தல் கூடும்.

செய்யத்தக்கது அரியதன்று. கிடைத்த பொருளைத் துலக்காது அவ்வண்ணமே வைத்தல். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் உடன்கிடந்தவற்றையும் குறித்தல். கூடுமாயின் அவ்விடத்திலேயே ஒளிப்படம் எடுத்தல். கிராம அலுவலர் வாயிலாகவோ பொலிசு நிலையத்தின் வாயிலாகவோ தொல்பொருள் திணைக்களத்திற்கு அறிவித்தல். எஞ்சிய மண்ணை மேலும் கிளறாது விடுதல். இவற்றை ஒரு வகுப்பு மாணவருக்கு ஒரு பாடவேளையிற் கற்பித்துவிடலாம். அவருள் ஒருவர் வயலுக்கோ வாடிக்கோ சென்று தந்தையாரிடம் அதனைச் சொல்வாராயின் அப்பாடம் பயன்பட்டதாகும்.

பனாகடுவ உழவரும் அயர்லாந்துச் சதுப்பு நிலத்தாரும் வரலாற்றறிஞரல்லர். ஆயினும் வரலாறு அவர்கள் கையிற் சிலநேரம் தங்கியிருந்தது. அவர்கள் அதனைத் தவறவிடவில்லை. நிசங்கமல்லன் ஏட்டைக் காக்கச் செம்பை நாடினான். சீர்காழியார் பாட்டைக் காக்க மண்ணை நாடினர். செம்பும் மண்ணும் தம்மிடம் ஒப்புவித்ததைக் காத்தன. அவற்றிடமிருந்து பெற்றுக்கொள்ளும் கைகளும் அவற்றைப் போல நம்பத்தக்கனவாதல் வேண்டும்.